கறிச்சோற்றுச் சைரன்

"ஷட்டரைத் திறந்து விடுங்க சார்" என்று நான் கேட்டதும் அறையில் இருந்த மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பெண்பிள்ளை கெட்ட வார்த்தை பேசிவிட்டால் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஷட்டர் ஆபரேட்டர் மருதாசலம் எனக்குச் சொல்லிவைத்திருந்தார். இங்கே லீவு கேட்கலாம். நின்றுபோன சம்பளத்தைக் கேட்கலாம். வராது, ஆனால் கேட்கலாம். பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித்தாருங்கள் என்றும் கேட்கலாம்; எனக்கு முன்னால் இருந்த பெண் அதைக் கேட்டுக் கேட்டே கல்யாணமாகிப் போய்விட்டாள். ஷட்டரைத் திறக்கச் சொல்லி மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடக் கூடாது. ஏன் என்றேன். "அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குதுங்க அம்மிணி" என்றார். அணையில் ஷட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர் அவர். ஷட்டர் மேலே எழும்பி அவரும் பார்த்ததில்லை.

எங்களுடையது கோணக்கரடு அணை. வெண்ணந்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். பச்சை ஷட்டர், மஞ்சள் கைப்பிடிச் சுவர், நடுவில் சீரியல் லைட். கல்யாண மண்டபம் என்று நினைத்திருப்பார்கள். இது வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று கட்டிய அணை. பாசனத்துக்கு இல்லை, கரண்டுக்கும் இல்லை. போதமலையில் மழை கொட்டினால் கோணாற்றில் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஒரு தடவை அப்படி இறங்கி, எங்கள் பள்ளக்காட்டில் தறிக் கொட்டகைகளையும் ஆடு மாடுகளையும் தூங்கிக்கொண்டிருந்த ஆட்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் இரண்டு பாறைக் குன்றுகளுக்கு, எங்கள் பேச்சில் கரடுகளுக்கு, நடுவே இதைக் கட்டினார்கள். வருகிற வெள்ளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவ்வளவுதான் இதன் வேலை.

அப்படியென்றால் மழைக்கு முன்னால் அணை காலியாக இருக்க வேண்டும். இலை காலியாக இருந்தால்தானே சோறு போட முடியும்? இதற்குப் படிப்பு எதற்கு? ஆனாலும் என் அப்பா போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போய்க் குழி போட்டு என்னை சிவில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அறிவுச்செல்வி என்ற பெயர் வீண்போகவில்லை என்று தெருவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். அந்த அறிவை நான் ஆபீசில் சொன்னேன். உதவி செயற்பொறியாளர் ஜெகதீஸ்வரன் சார் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நீ சொல்றது தியரி. காலி அணையில எவன்மா வந்து பூத் தூவுவான்?"

அங்கேதான் எனக்குப் பாடம் தொடங்கியது.

எந்த அணை நிறைந்தாலும் சிறப்பு விருந்தினர் வந்து சக்கரத்தைச் சுற்றி, சீறி வரும் தண்ணீரில் பூத் தூவுவது நாட்டு வழக்கம். டிவியில் காட்டுவார்கள். கோணக்கரடு அணை நிறையக் கூடாத அணை என்பதால் அதற்கு அந்தப் பாக்கியம் இல்லாமல் இருந்தது. இது ஊருக்கு அவமானம் என்று கோழிப்பண்ணைக்காரர் செங்கோட்டையன் நினைத்தார். அவர் தலைமையில் நிறைஅணை விழாக் குழு என்று ஒன்று உண்டானது. அணையை நிறைத்து வைப்பது எங்கள் ஆபீசுக்குச் சுலபம். ஷட்டரைத் தொடாமல் இருந்தால் போதும், தொடாமல் இருப்பது ஆபீசுக்குப் பழக்கமான வேலை. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் அணை தளும்ப நிற்கும். போதமலையில் பெருமழை பெய்வதும் ஐப்பசியில்தான்.

முதல் விழாவில் வந்த விருந்தினர் அசல் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார். கிரீஸ் வேட்டியில் ஒட்டிவிட்டது. அந்த வாரமே ஒரு இன்ஜினியர் கடலோர ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் புத்திசாலிகள். அசல் சக்கரத்துக்குப் பக்கத்தில், பொன் நிறப் பெயின்ட் அடித்த இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினார்கள். பால் பேரிங் வைத்தது. எதனோடும் சேராதது. சுண்டுவிரலால் தள்ளினால் போதும், தட்டாமாலை சுற்றும். விருந்தினர் அதைச் சுற்றுவார். கீழே தண்ணீர் வர வேண்டுமே? ஷட்டருக்குப் பின்னால் ஒரு மோட்டாரைப் போட்டு, தண்ணீரைச் சுவருக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் குரோட்டன்ஸ் தொட்டிகளின் மறைவில் குழாய் வழியாகக் கொட்ட விட்டார்கள். பூ அதில் விழும்.

அந்த மோட்டாருக்கு ஸ்விட்ச் போடுவதுதான் என் பதவி. ஒப்பந்த அடிப்படையில் தொழில்நுட்ப உதவியாளர் என்று ஆர்டரில் இருந்தது. விருந்தினர் சக்கரத்தில் கை வைத்ததும் ஜெகதீஸ்வரன் சார் கர்ச்சீப்பை உதறுவார். நான் போட வேண்டும். என் முதல் விழாவில் சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. விருந்தினர் பூத்தட்டோடு நிற்கிறார், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சார் கொஞ்சமும் அசரவில்லை. பேட்டரி மைக்கை வாங்கி, "ஐயாவின் திருக்கரத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் நீர் தயங்கி நிற்கிறது" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான் படித்த ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தில் இந்த விதி இல்லை.

அணையின் பாதுகாப்பை யாரும் கவனிப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். வருஷா வருஷம் ஆய்வு நடக்கும். ஓய்வு பெற்ற வல்லுநர் குமாரசாமி ஐயா வருவார். அவர் வருவதற்கு முந்தின நாள் மருதாசலம் ஷட்டருக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பார். பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு ஆர்டர் இல்லாததால் அதன் மேலேயே அடிப்பார். ஆய்வுக்கு ஒன்று, விழாவுக்கு ஒன்று, மேலதிகாரி திடீரென்று வந்தால் ஒன்று. இப்போது ஷட்டர் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஒரே மொழுக்.

குமாரசாமி ஐயா விருந்தினர் மாளிகையின் பால்கனியில் நாற்காலி போட்டு, நாட்டுக்கோழி வறுவலுக்கும் ரசத்துக்கும் நடுவில், அணையை ஆய்வு செய்வார். போன தடவை நான் தைரியமாக, அடிச்சுவரில் கசிவு இருக்கிறது, நாளுக்கு நாள் பெருகுகிறது என்றேன். ஜெகதீஸ்வரன் சார் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். அடுத்த வாரம் அந்தக் கசிவில் ஒரு பைப்பைச் செருகி, குழாய் மாட்டி, சங்கிலியில் டம்ளர் கட்டி, 'பயணிகளுக்குக் குளிர்ந்த குடிநீர்' என்று போர்டு வைத்தார்கள். மறு ஆய்வுக்கு வந்த ஐயா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசினார்.

"நான் எத்தனையோ அணை பாத்திருக்கேன். உடைஞ்ச அணைங்க எல்லாம் உடையறதுக்கு முன்னாடி கவலைக்கிடமாத்தான் இருந்துச்சு. இந்த அணைகிட்ட அந்தக் கவலையே தெரியல. முகத்துல ஒரு களை இருக்கு. தண்ணியும் ருசியா இருக்கு."

பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது இரண்டு கேனில் பிடித்துக்கொண்டும் போனார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்பேன். என்னால் சிரிக்க முடியாமல் போனது சைரன் விஷயத்தில்.

அணைக்கு அபாயம் என்றால் கீழே இருக்கும் ஜனங்களை எச்சரிக்க ஒரு சைரன் வந்தது. ஆபீஸ் மாடியில் நிறுத்தினார்கள். சோதனைக்கு ஊதிப் பார்த்தார்கள். பள்ளக்காட்டில் ஒருத்தர் வெளியே வரவில்லை. விசைத்தறி ஓடுகிற தெருவில் இடி விழுந்தாலே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மறுபடி ஊதினார்கள், நாய்கள் மட்டும் பதில் சொல்லின. 'மக்களின் எதிர்வினை: இல்லை' என்று மேலே எழுதினால் கேள்வி வரும். அப்போது ஜெகதீஸ்வரன் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. நிறைஅணை விழாவில் எப்படியும் செங்கோட்டையன் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுகிறார். பந்திக்குக் கூப்பிடும் நேரத்தில் சைரனை ஊதினால் என்ன?

ஊதினார்கள். தறிகள் நின்றன. தெருவே சோறு வாங்கத் தூக்குப்போசிப் பாத்திரத்தோடு ஓடி வந்தது. எங்கே ஓடி வந்தது என்பதுதான் முக்கியம். ஊருக்கே பந்தி போடுகிற அளவுக்குச் சமதளம் அணைக்கு நேர் கீழே, ஆற்று மணலில்தான் இருக்கிறது. ஷாமியானா அங்கேதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் விழாவையும் வெள்ள ஒத்திகையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சைரன் அலறியதும் கைக்குழந்தைக்காரிகள், கோலூன்றிய கிழவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், எல்லோரும் வரிசை குலையாமல் ஆற்றுக்குள் இறங்குவார்கள். குமாரசாமி ஐயா பால்கனியிலிருந்து பார்த்துக் கண்கலங்கினார். விழிப்புணர்வில் சிறந்த அணை என்று கேடயம் கொடுத்தார்கள். கேடயம் வாங்கிய அன்று ஜெகதீஸ்வரன் சார் ஆற்று மணலில் நின்று பேசினார்.

"சைரன் ஊதினா ஜப்பான்காரன் ஓடுறான், ஏன்னா அவனுக்குப் பயம். நம்ம மக்கள் சைரன் ஊதினா சிரிச்ச முகத்தோட ஓடி வர்றாங்க. பேரிடரையே இன்முகத்தோட வரவேற்கிற மக்களை உலகத்துல வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

எங்கம்மா சௌந்திரம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவளுக்கு ஒற்றைத் தறி. அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே இருப்பதால் வீட்டில் தனி ஆள். கறிச்சோறு என்றால் அவளுக்கு அந்த ஒரு நாள்தான். பள்ளக்காட்டிலிருந்து முதலில் வந்து சேர்கிற ஆள் என்று அவளுக்கு அந்த வருஷம் சில்வர் தட்டு பரிசு கொடுத்தார்கள். அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

இப்போது நான் ஷட்டரைத் திறக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

போதமலையில் நேற்றிலிருந்து விடாத மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. காலையில் நான் கைப்பிடிச் சுவரில் நின்று பார்த்தேன். நிறைஅணை விழாவுக்காகத் தளும்ப வைத்திருந்த தண்ணீருக்கும் அணை உச்சிக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இருந்தது. வெள்ளம் இன்னும் மலையை விட்டே இறங்கவில்லை. இறங்கினால் அதை வைக்க இங்கே இடம் இல்லை. குடிநீர்க் குழாயைப் போய்ப் பார்த்தேன். மூடியிருந்த குழாயின் பக்கவாட்டில் தண்ணீர் கலங்கலாகப் பீய்ச்சியது. கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். டம்ளர் சங்கிலியோடு ஆடிக்கொண்டிருந்தது.

ஓடி வந்து கேட்டுவிட்டேன். ஜெகதீஸ்வரன் சார், பூத் தூவும் தேதி பேச வந்திருந்த செங்கோட்டையன், டீ வாங்கி வந்த மருதாசலம், மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் சார்தான். யாரை வைத்துத் திறப்பது என்று கேட்டார். யாரையும் வைத்து வேண்டாம், சும்மா திறக்கலாம் என்றேன். சும்மா திறந்த தண்ணீர் சட்டப்படி விடுவிக்கப்பட்ட தண்ணீரா, கசிந்த தண்ணீரா என்று நாளைக்கு ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். சிறப்பு விருந்தினருக்குப் போன் போட்டார். அவருடைய உதவியாளர், ஐயா வெளியூர்க் கல்யாணத்தில் இருக்கிறார், வரும் புதன்கிழமை வளர்பிறை முகூர்த்தத்தில் வரலாம் என்று சொன்னார். சார் எழுந்து நின்றே நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

"புதன்கிழமை" என்றார் என்னிடம், பிரச்சினை தீர்ந்த மாதிரி.

"வெள்ளம் இன்னைக்கே வரும் சார்."

"வெள்ளத்துக்கு முறை தெரியாதுன்னா நமக்கும் தெரியக் கூடாதா?"

நான் குரலை உயர்த்தினேன். சத்தம் கேட்டு யாராவது மொபைலில் பிடித்துப் போட்டுவிடுவார்களோ என்று சார் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, எனக்காக, தன் சொந்தப் பொறுப்பில், அசல் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க அனுமதி கொடுத்தார். அதைச் சுற்ற ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு செருக வேண்டும். மருதாசலம் தலையைச் சொறிந்தார். தண்டு அணையில் இல்லை. விருந்து அண்டாவின் காதுகளுக்குள் விட்டுத் தூக்குவதற்கு அதைவிடத் தோதான தண்டு கிடைக்காது என்று போன விழாவிலேயே செங்கோட்டையனின் சமையல்காரர் கையோடு கொண்டுபோய்விட்டார். செங்கோட்டையன் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆள் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அண்டா அடுப்பில் இருக்கிறது, தண்டு அண்டாவில் இருக்கிறது, பந்தி முடியாமல் உருவ முடியாது என்றார்.

தண்டே வந்தாலும் பெயின்ட் விடாது என்று மருதாசலம் முணுமுணுத்தார். தன் வேலையின் உறுதியைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

நான் வெளியே வந்து வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். எந்த அணை என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, உங்கள் அணை விழிப்புணர்வில் கேடயம் வாங்கிய அணை மேடம், நீங்கள் பதறவே வேண்டாம், சைரன் ஊதும்வரை காத்திருங்கள் என்றாள்.

திரும்பி உள்ளே போனபோது அவர்களும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"சைரன் ஊதிரலாம்" என்றார் சார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நம்ம கடமை எச்சரிக்கிறது. எச்சரிச்சாச்சுன்னா அப்புறம் நடக்கறது இயற்கை."

"சார், சைரன் ஊதினா எங்கம்மா தூக்குப்போசியோட ஆத்துக்குள்ள வந்து நிப்பா."

"வெரி குட். உங்கம்மாவுக்கு இருக்கிற விழிப்புணர்வு உனக்கு இல்ல பாரு."

"ஆத்துக்குள்ள சார். அணைக்கு நேர் கீழே. பள்ளக்காடு மொத்தமும்."

"வரட்டுமே. வந்ததும் மைக்ல சொல்லித் திருப்பி அனுப்பிக்கலாம். ஒரே இடத்துல கூடிட்டாங்கன்னா நமக்கும் கணக்கெடுக்கச் சுலபம்."

என் அம்மாவை எந்தக் கணக்கில் எடுப்பார் என்று எனக்குத் தெரிந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் செங்கோட்டையன் கை தூக்கினார். அவருக்கும் ஆட்சேபணை இருந்தது. ஒரு விநாடி, இந்த மனிதருக்காவது புரிந்துவிட்டது என்று நம்பிவிட்டேன்.

"ஏனுங்க சார், சோறு இல்லாம சைரன் ஊதினா என்ற மானம் என்னாகறது? சனம் போசி தூக்கிட்டு வந்து, வெறும் போசியோட திரும்பிப் போகோணுமா? எங்கய்யன் காலத்துல இருந்து எங்க ஊட்டு ஒறம்பரை எவனும் வெறும் வவுத்தோட போனதில்லீங்க."

இது சாரை யோசிக்க வைத்தது. வெள்ளம் யோசிக்க வைக்கவில்லை, இது வைத்தது. அவசரத்துக்கு உப்புமா கிண்டலாமா என்றார். விருந்துக்கு வருகிற ஒறம்பரைக்கு உப்புமாவா என்று செங்கோட்டையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்கள். மருதாசலம்தான் வழி சொன்னார்: பண்ணையில் முட்டைக்குப் பஞ்சமில்லை, முட்டை பிரியாணி போட்டால் என்ன? மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணைக் கொட்டகையிலேயே சமைப்பது, அண்டா வழக்கம்போல ஆற்று மணலில் வந்து இறங்கியதும் சைரன் ஊதுவது என்று தீர்மானம் ஆனது.

"எத்தனை மணிக்கு சார் பிரியாணி ரெடியாகும்?" என்று கேட்டேன்.

"சாயந்தரம் ஆயிரும்."

"அதுவரைக்கும் தண்ணி?"

"பொறுக்கும்" என்றார் சார். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா? பழமொழியே இருக்கு. நீ போய் சைரன் ரூம்ல ரெடியா நில்லு. இந்த விழா நல்லபடியா முடிஞ்சா உன் பணி நிரந்தரத்துக்கு நானே எழுதறேன்."

விழா என்றுதான் சொன்னார்.

சைரன் ரூமில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். உடனே வீட்டைப் பூட்டிக்கொண்டு கரட்டு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போ என்றேன். பக்கத்து வீடுகளையும் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

"எதுக்கு சாமி?"

"அணை தாங்காதும்மா. தண்ணி வருது."

"தண்ணி வந்தா சைரன் ஊதுவாங்கன்னு சொன்னாங்க. ஊதலையே."

"சரி, சைரன் ஊதினா என்ன பண்ணுவே?"

"சைரன் ஊதினா சோத்துக்கு வாரேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. அவளே தொடர்ந்தாள்.

"மருதாசலம் சம்சாரம் இப்பத்தான் போன் பண்ணிச் சொல்லுச்சு, சாயந்தரம் முட்டை பிரியாணியாமே? நான் போசிகூடக் கழுவிக் கவுத்தி வெச்சுட்டேன். மழைன்னா என்ன, கொடை இருக்குது. நீ என்னமோ தண்ணி, மேடுங்கறே. இன்சினீரு அம்மா போசியோட வந்து நின்னா உனக்குக் கௌரவக் கொறச்சலாக்கும்?"

"இல்லம்மா, நெஜமாலுமே தண்ணி…"

"போன வருசமும் இப்படித்தான் தண்ணி வருது, தண்ணி வருதுன்னு ஆட்டோல கத்திட்டுப் போனாங்க. ஓடிப் போனா கெடாக்கறி. எங்களுக்குத் தெரியாதாக்கும் உங்க ஆபீசு நாயம்" என்று சிரித்தாள். "முன்னால எடம் புடிச்சு வெய்யி கண்ணு." வைத்துவிட்டாள்.

என் படிப்பு, என் சொல், என் பயம், எதுவும் அந்தத் தெருவில் செல்லாது. அங்கே செல்லுபடியாகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதையும் எங்கள் ஆபீஸ்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சைரன் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன், அதற்குப் பக்கத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று வாங்கிய ஒரே சாமான் அந்த அணையில் இதுதான். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி என் லஞ்ச் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டேன். பெட்டியை முன்போலவே மூடினேன். மூலையில் விழாவுக்கு வைத்திருக்கும் கை மைக் இருந்தது. போசி கொண்டுவராதவர்கள் ஓரமாக நிற்கவும் என்று ஒவ்வொரு வருஷமும் கத்துகிற அதே மைக். பேட்டரி இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

படியில் ஜெகதீஸ்வரன் சார் எதிரே வந்தார். குடைக்குள் போன் பேசிக்கொண்டே வந்தவர், ஷாமியானாக்காரனிடம் மணல் ஈரமாக இருந்தால் பலகை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பச்சை ஷட்டரின் உச்சியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மெல்லிசாக, பாவாடை நாடா அகலத்துக்கு, ஒரு கோடு பெயின்டின் மேல் வழிந்து இறங்கியது. இத்தனை வருஷத்தில் மோட்டார் போடாமல் அந்த ஷட்டரைத் தாண்டி வந்த முதல் தண்ணீர். பூத் தூவத்தான் ஆள் இல்லை.

"எங்கேம்மா போறே, சைரனை விட்டுட்டு?"

"ஆளுங்களைக் கூப்பிடப் போறேன் சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி வா வழிக்கு. மழைன்னு யாரும் நின்னுரக் கூடாது. கூட்டம் கொறைஞ்சா குமாரசாமி ஐயா முன்னாடி நமக்குத்தான் அசிங்கம். ஒரு ஆள் விடாமக் கூப்பிடு."

"ஒரு ஆள் விட மாட்டேன் சார்."

திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். ஐ.டி. கார்டு கழுத்தில் மழையோடு அடித்தது. கழற்றிக் குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டேன். இனி அதற்கு வேலை இல்லை. என்ன சொல்வது என்று படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வெள்ளம் என்று சொல்லப் போவதில்லை. அணை என்ற வார்த்தையையே எடுக்கப் போவதில்லை. பள்ளக்காட்டின் முதல் தறிக் கொட்டகையிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒரே சொல்தான்: கெடாக்கறி, இந்தத் தடவை கரட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தில், முந்தி வருகிறவர்களுக்கு எலும்பு இல்லாத கறி, சீக்கிரம், சீக்கிரம்.

அங்கே அண்டாவும் இருக்காது, சோறும் இருக்காது. வெறும் போசியோடு நின்று பார்த்துவிட்டு, பள்ளக்காடு மொத்தமும் என்னையும் என்னைப் படிக்க வைத்தவரையும் சேர்த்துத் திட்டும். எங்கம்மாதான் முதலில் தொடங்குவாள்.

மேட்டில் நின்று திட்டட்டும்.